இரண்டு மணிச் செய்தி வெட்டிய பாட்டு

நேற்று வேலை முடிந்து குனோங் ராபாட் போகும் பஸ்ஸில் திரும்பும்போது நம் பாட்டைக் கேட்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. நாம் கேட்டதில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், கித்தார் அலறும். இதில் ஒரு பெண், பியானோ மட்டும் துணையாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் மெதுவாகப் பாடினாள். தண்டவாளத்தைப் பற்றிய வரி வந்ததும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான உங்கள் வீட்டில், உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தோம். பட்டனோடு மல்லுக்கட்டியதில் அந்த ஆங்கிலப் பாட்டின் பெயர் காதில் விழவில்லை. மூன்றாவது சரணம் தொடங்கும்போது இரண்டு மணிச் செய்தி வந்து வெட்டிவிட்டது. பாட்டில், வீட்டைவிட்டு ஓடிப்போனவன் தண்டவாளத்தோடு நடந்து திரும்பி வருகிறான். வந்து சேர்ந்தானா என்பது தெரியாமலே போயிற்று.

ஆறாம் வகுப்போடு உன்னைப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்க அனுப்பிவிட்டார்கள். நான் படித்தேன். அதனால் ஒவ்வொரு வரிக்கும் நான்தான் உனக்குப் பொருள் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று, "கோலாலம்பூர்ல எல்லாம் கிடைக்கும்லா. அவன் வீட்டுக்கு வந்தானான்னு மட்டும் எழுது, போதும்" என்றாய்.

அங்கே ஒரு கேசட் கடை இருந்தது. பெயர் தெரியாத பாட்டு. மெட்டைப் பாடிக் காட்டினால்தான் தேடித் தருவார்கள். உள்ளே எப்போதும் நீள முடி வைத்த பையன்கள். மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். கடிதத்தில் சாப்பாடு, மழை, பரீட்சை எல்லாம் எழுதினேன்.

பிறகு பத்து காஜா நகர ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். கை குச்சியாய் இளைத்திருந்தது. குரலில் மட்டும் பழைய கேலி.

"என்னாடி பட்டதாரி, அவன் வந்தானா இல்லியா?"

"வந்துட்டான். அவங்கம்மா கதவத் தொறந்துட்டாங்க."

"நெனச்சேன்லா" என்று கண்ணை மூடிச் சிரித்தாய். அடுத்த வாரம் நீ இல்லை.

நேற்று அந்தப் பெண் மூன்றாவது சரணத்தையும் பாடினாள். அவன் வாசல்வரை வருகிறான். ஜன்னலில் விளக்கு எரிகிறது. தட்டாமலே திரும்பிப் போய்விடுகிறான்.

என் நிறுத்தம் எப்போதோ கடந்திருந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது டிரைவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இது என்ன பாட்டு?"

"பழைய பாட்டுதான் தங்கச்சி. இப்பப் புதுசா ஒருத்தி பாடிருக்கா" என்று கேசட் உறையை நீட்டினார். பெயரைப் படித்தேன். கேட்பது இவ்வளவு சுலபமாக இருந்தது.

அறைக்கு வந்து நம் பழைய கேசட்டைப் போட்டேன். கித்தார் அலறியது. செய்தி வெட்டியது. நாம் பட்டனை அமுக்கி நிறுத்துவதற்குள் அதில் பதிவாகிவிட்ட உன் குரல், வழக்கம்போல என்னைக் கேட்டது:

"ஐயையோ, அப்புறம் என்னாடி?"