சிட்டு மிச்சம் வைத்த புல்

தை 6, புதன்

கடும் பனி. எதிர்வீடே தெரியவில்லை. பிறகு நல்ல வெயில்.

முதலில் கவனித்தது ஈயின் சத்தத்தை. சிட்டு வாலை வீச வீச ஈயின் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்கும். கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது தினமும் என் காதுக்குப் பழகியது. இன்று ஒரே இழையாகக் கேட்டது. சட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

சிட்டு படுத்திருந்தான். பகலில் படுக்கிற குதிரை இல்லை. கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன். காதைத் தொட்டேன், இன்னும் சூடு. ஆனால் உயிர் இல்லை.

காலையில் கொள்ளு வைத்தது நான்தான். முழுவதும் தின்றான். பையில் ஒட்டியிருப்பதையும் உதறச் சொல்லி மூக்கால் என் தோளை இடித்தான். நேற்று ரயிலடிக்கு வழக்கம்போல வண்டி இழுத்தான். இருமல் இல்லை, நொண்டல் இல்லை. ஒன்றுமே இல்லை.

எனக்குச் சத்தம் போட வரவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அம்மா போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து அத்தா வருவதற்கு முன்பே தெரு வந்துவிட்டது.

அத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிட்டுவின் நெற்றியைத் தடவினார். "ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" அவ்வளவுதான். 

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "நெஞ்சா இருக்கலாம். குடலா இருக்கலாம். கீறிப் பாத்தாத்தான் தெரியும்."

"கீற வேணாங்க," என்றார் அத்தா.

வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குழி. வெட்டியது மாரி அண்ணனும் அவர் தெரு ஆட்களும். கேட்காமலே மண்வெட்டியோடு வந்தார்கள். அண்ணனின் மனைவி செல்லம்மாக்காதான் சாயங்காலம் தோறும் சிட்டுவுக்குப் புல் கொண்டு வருபவர். வரப்பு வரப்பாக அறுத்து, தலையில் கட்டு, இடுப்பில் அரிவாள். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திய பிறகு, வெளி ஆட்களில் நான் வாய் திறந்து பேசுவது செ. அக்காவிடம் மட்டும். இன்று அவரிடமும் பேச முடியவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

தை 7, வியாழன்

இன்றும் பனி. சர்க்கரை தீர்ந்துவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு எல்லாம் அம்மா டீ போடுகிறார்.

இதுவரை சொல்லப்பட்ட காரணங்கள்:
– பாம்பு. (கடித்த இடம் எங்கே? "மயிருக்குள்ள இருக்கும்.")
– பனி.
– சவாரிக்கு ஏறிய கூத்தாநல்லூர் மாப்பிள்ளை வீட்டாரின் எடை.
– கண்.

கண் என்றது பக்கத்து வீட்டு ஹவ்வா மாமி. "போன வாரந்தான் சொன்னேன், என்னா மினுமினுப்புன்னு. நான் சொன்னா அப்படியே பலிக்கும்." சொல்லும்போது கொஞ்சம் பெருமை. அம்மா உடனே நான்கு நாள் முன்பு வாங்கிய புதுக் குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மாமி இன்னொன்றும் சொன்னார், இறந்ததை "மௌத்தாப் போச்சு" என்று குதிரைக்குச் சொல்லக் கூடாதாம், மனுசருக்குத்தான் சொல்ல வேண்டுமாம். அம்மா, "எம் மாமியாரு போனப்போ கூட இவ்ளோ பேரு வரல," என்றார்.

கூலியாட்கள் சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். சிவப்புத் துண்டு. "இது பண்ணை ஆளுங்க வேலைதான், ராவுத்தரே. போன மாசம் எங்க பேச்சாளரை ஏத்திட்டு வந்தீங்கள்ல? அந்தக் கோவம். நாளைக் கூட்டத்துல நீங்களே வந்து சொல்லுங்க."

அத்தா: "சிட்டு உசுரோட இருந்த வரைக்கும் எந்தக் கட்சியிலயும் இல்லீங்க. செத்த பொறவு எதுக்குச் சேக்குறீங்க?"

அவரே சிரித்துவிட்டார். டீ குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வண்டியைத் தெருவிலிருந்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. ஏர்க்கால் இரண்டுக்கும் நடுவில் அத்தாவே நின்று இழுத்தார். "ரயிலடிக்கு வருமா பாய்?" என்று யாரோ கேட்டார்கள். "ஏறுங்க. நமக்குப் புல்லு வேணாம், டீ போதும்." நேற்றிலிருந்து இப்போதுதான் அத்தா வாயில் சிரிப்பு. நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். சிரிப்பாகவும் இருந்தது.

சிட்டுவின் சாமான்கள்: கடிவாளம். கண்பட்டை. கழுத்து மணி. கொள்ளுப் பை (ஓரம் கடித்தது). சாட்டை (ஈ ஓட்ட மட்டும்). எல்லாவற்றையும் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

செ. அக்கா வரவில்லை. குதிரை இல்லையே, எதற்கு வருவார்? ஆனாலும் வாசலைப் பார்த்தேன்.

தை 8, வெள்ளி

வெயில். அறுப்பு நின்றுபோய்க் கிடக்கிறது. கதிர் தலை சாய்ந்து கிடக்கிறது, அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கிறார்கள். பண்ணையில் மாட்டேன் என்கிறார்கள், வெளியூரிலிருந்து ஆள் இறக்குகிறார்கள். எங்கள் தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் சிவப்பு. புது ஆட்சி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பக்கமும்தான் சொன்னார்கள்.

ஜும்மா முடிந்து அத்தா வந்தபோது பண்ணையின் காரியக்காரர் வாசலில் நின்றிருந்தார். நாற்காலி போட்டோம். நான் கதவுக்குப் பின்னால்.

"ஏன் ராவுத்தரே, குதிரைக்குப் புல்லு போட்டது யாரு?"

"செல்லம்மா."

"அவ புருசன் யாரு? சங்கத்துல முன்னாடி நிக்குறவன். வெளியூரு ஆளுங்களைப் பாக்க நான் ரயிலடிக்குப் போனப்போ யாரு வண்டியில போனேன்? உங்க வண்டியில. அந்தக் கோவந்தான். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைப் புல்லுல தெளிச்சிருக்கா."

"அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க. குழியே அவங்கதானே வெட்டுனாங்க."

"ஏன் வெட்டுனாங்க? யோசிங்க."

அத்தா யோசித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

காரியக்காரர் குரலைத் தணித்தார். பண்ணைத் தொழுவத்தில் ஒரு மட்டக்குதிரை சும்மா நிற்கிறதாம். பண்ணைப் பெரியவர் அதை அத்தாவுக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். "நாயித்துக்கிழமை ஏட்டையா வருவாரு. சந்தேகம் இருக்குன்னு ஒரு வார்த்தை. மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "என்ன சொல்லப் போறீங்க?"

"சந்தேகம்னுதானே சொல்லச் சொல்றாங்க. அவதான்னு சொல்லச் சொல்லலையே."

"ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணு என்ன ஆவும்?"

"வண்டியைப் பாத்தியாடி? ரெண்டு காலையும் தூக்கிட்டு நிக்குது." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மீன் குழம்பு அப்படியே இருந்தது.

எங்கள் கிடா ஆட்டின் பெயர் தாசில்தார். தெருவில் ஒரு வீடு விடாமல் நுழைந்து, பார்த்து, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு வருவதால் அம்மா வைத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செ. அக்கா கொண்டு வந்த அதே புல்லுக்கட்டைச் சிட்டு ஒரு பக்கமும் தாசில்தார் மறு பக்கமும் தின்றார்கள். எப்போதும் அப்படித்தான். துரத்தினால் சிட்டுவுக்கும் பிடிக்காது. தாசில்தார் இன்று காலை ஹவ்வா மாமியின் சுவர் மேல் நின்றது.

தாசில்தாரும் அந்தப் புல்லைத் தின்றது அத்தாவுக்குத் தெரியாது. அந்த நேரம் அவர் டீக்கடையில் இருப்பார். நான் மட்டும்தான் பார்த்தேன்.

தை 9, சனி

அத்தாவிடம் சொல்ல வேண்டியதைக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தேன். தாசில்தார்தான் அத்தா. "அத்தா, புல்லுல ஒண்ணுமில்ல." நன்றாக வந்தது. தாசில்தார் என் தாவணி நுனியைத் தின்றது.

அத்தா வந்தார். "டீ வேணுமா?" என்றேன்.

மத்தியானம் மறுபடி போனேன். அத்தா ஏர்க்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், புதுக் குதிரை வரப் போவதுபோல.  எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கட்டின் மிச்சப் புல், சாக்குப் போட்டு மூடி, கொட்டகை மூலையில் கிடக்கிறது. கொளுத்தச் சொன்னார் அம்மா. சரி என்றேன். கொளுத்தவில்லை.

மாமியின் குடத்தில் ஓட்டை. மாமியின் மேல் யார் கண் பட்டதோ.

தை 10, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல் மாதிரி எழுத்து.

ஏட்டையா சைக்கிளில் வந்தார். காரியக்காரர் முன்பே வந்திருந்தார். செ. அக்காவையும் மாரி அண்ணனையும் கூட்டி வந்து தெருவில் நிறுத்தினார்கள். அக்காவின் இடுப்பில் அரிவாள் இல்லை. அது இல்லாமல் வேறு யாரோ போல இருந்தார். தெரு முழுக்க ஆள். அந்தப் பக்கத்து ஆட்கள் வாய்க்கால் பாலத்தில் நின்றார்கள்.

"எம் புள்ளைங்க மேல சத்தியங்க," என்றார் அக்கா. "அந்தக் குதிரைக்குன்னு நல்ல புல்லாப் பாத்துப் பாத்து அறுப்பேங்க."

"சத்தியத்தை எழுதிக்க முடியாதும்மா. அந்தப் புல்லு இருக்கா?"

இருந்தது. காரியக்காரரின் ஆள் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து வண்டிப் படியில் வைத்தார். ஏட்டையா தொடவில்லை, லத்தியால் புரட்டினார்.

"சொல்லுங்க பாய். சந்தேகம் இருக்கா, இல்லையா? இருந்தா இந்தம்மா ஸ்டேசனுக்கு வரணும்."

அத்தா வண்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை. "சந்தேகம்னா..." என்று இழுத்தார்.

நான் கொல்லைக்கு ஓடினேன். தாசில்தாரை அவிழ்த்தேன். காதைப் பிடித்து அடுப்படி வழியாக இழுத்து வந்தேன். "எங்கடி அதை வீட்டுக்குள்ள..." என்றார் அம்மா. பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் விட்டேன்.

அது யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டிப் படிக்குப் போனது. ஏட்டையாவின் லத்தியைத் தலையால் ஒதுக்கிவிட்டுத் தின்ன ஆரம்பித்தது.

"ஏய், ஏய்! விஷம்!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் படியிறங்கினேன். தாவணியைத் தலையில் இழுத்துக்கொண்டேன்.

"விஷமில்ல. அன்னைக்கும் இதுதான் தின்னுச்சு. சிட்டுவை விட இதுதான் கூடத் தின்னுச்சு. நான் பாத்தேன்."

என் குரல் எனக்கே கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபின் தெருவில் நான் பேசிய முதல் பேச்சு.  எல்லோரும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், விழுமா விழாதா என்று. ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தார். ஆடு புல் முழுவதையும் முடித்தது. பிறகு காரியக்காரரின் அங்கவஸ்திர நுனியை இழுத்தது.

முதலில் சிரித்தது பாலத்தில் நின்றவர்கள். பிறகு எங்கள் தெரு.

"இதுக்குப் பேரு இருக்கா?" என்று ஏட்டையா கேட்டார்.

"தாசில்தார்!" ஹவ்வா மாமி ஜன்னலிலிருந்து.

"அப்ப நான் மேற்கொண்டு பேச முடியாது."

காரியக்காரருக்கு முகம் கறுத்தது. "ஆட்டு வயிறு வேற, குதிரை வயிறு வேற. ஆடு எதைத் தின்னாலும் செரிக்கும். நீங்க சொல்லுங்க, ராவுத்தரே."

அத்தா என்னைப் பார்த்தார்.  பிறகு அக்காவை.

"எனக்குச் சந்தேகம் இல்லீங்க. குதிரை செத்துச்சு. ஏன்னு தெரியல. அவ்ளோதான்."

"அப்ப மட்டக்குதிரை?"

"பண்ணையிலேயே நிக்கட்டுங்க."

ஏட்டையா எதையும் எழுதவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்றார். மாரி அண்ணன் அத்தாவைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அத்தா கேட்டார்: "ஏன்டி, இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். டீ வேணுமான்னு கேட்டுட்டேன்."

அத்தா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா முதுகில் தட்டினார்.

தை 11, திங்கள்

பனி குறைந்தது. அறுப்பு இன்னும் தொடங்கவில்லை, பேச்சு நடக்கிறதாம்.

அத்தா ரைஸ் மில்லில் மூட்டை வண்டி தள்ளப் போயிருக்கிறார். சிட்டுவின் கஷ்டம் இப்போதுதான் தெரிகிறதாம். தனக்கும் கண்பட்டை வேண்டுமாம், வழியில் டீக்கடைகள் கண்ணில் படாமல் இருக்க.

தாசில்தார் நலம். ஹவ்வா மாமியின் முருங்கைக் கொத்து காலி.

சாயங்காலம் கொல்லைப் படல் ஆடியது. செ. அக்கா. தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் அரிவாள். என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"கை பழகிப்போச்சு பாப்பா. அறுத்து, கட்டி, பாதி தூரம் வந்த பொறவுதான் நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போவ மனசு வரல."

கட்டை இறக்கப் பிடித்தேன். கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கயிற்றை அவிழ்த்தேன். உதறி, சிட்டு நிற்கும் இடத்தில் போட்டேன்.