சாவு வீட்டுக் கோழிக்கறி

டோர்மா,
ஞாயிறு.

அன்புத் தங்கை ஃப்ரேமாவுக்கு,

அக்கா போகுவா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் அக்ராவில் சுகமாக இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

உன் அத்தானைப் போன சனிக்கிழமை அடக்கம் செய்தோம். மாரடைப்பு என்றார் டாக்டர். பண்ணைக் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட அன்றே அவர் பாதி போய்விட்டார் என்பேன் நான். அதன் பிறகும் விடிந்ததும் காலிக் கொட்டகைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு வருவார்.

ஈஸ்டருக்கு முன், வெளிநாட்டு ஐஸ் கறி விற்கும் கடைக்காரன் பெடியாகோவிடம் நம் கோழியை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. வெள்ளைக்காரன் ஊர்ல பண்ணைக்காரனுக்கு சர்க்காரே பணம் குடுக்குது. நெஞ்சுக்கறியை அவங்க தின்னுட்டு, கோழிக்காலை இங்க தள்ளிவிடுறாங்க. உங்க விலைக்கு வித்தா என் கடையில ஈதான் மொய்க்கும்" என்றானாம். இங்கே மக்காச்சோளம் விலை ஏறிக்கொண்டே போனது. கோழிக்குத் தீனி போடாமல் இருக்க முடியுமா?

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே. வீட்டில் ஒரு கோழி இல்லை. பெடியாகோ கடையிலிருந்துதான் பெட்டி பெட்டியாகக் கோழிக்கால் வந்தது. "கறி பஞ்சு மாதிரி இருக்கு" என்று பெரியவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். துக்கத்துக்கான சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். அவரை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

நீ வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "அத்தான், உங்க ஒரு கோழி விலைக்கு ஐஸ் கோழிக்கால் வாங்கி எம்பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் கறிக்குழம்பு வச்சுடுவேன்" என்று விளையாட்டாகச் சொன்னாய். நீ பஸ் ஏறிய பிறகு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவ சொல்றது நியாயம்தானே? ஊரார் துணி துவைச்சுப் பிழைக்கிறவ. அந்தக் கால் இல்லன்னா அதுங்க வாயில கறி எங்க படும்? எனக்குக் கோவம் வருது போகுவா, யார் மேலன்னுதான் தெரியல."

உன் மேல் இல்லை, ஃப்ரேமா. ஒருநாளும் இல்லை.

இங்கே பண்ணைகள் எல்லாம் மூடியாயிற்று. இப்போது பெடியாகோவும் விலையை ஏற்றிவிட்டான். அங்கேயும் அப்படித்தானா? பிள்ளைகளுக்கு என்ன ஆக்கிப் போடுகிறாய்?

நாற்பதாம் நாளுக்காவது வா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. கிழங்கு இருக்கிறது, கீரை இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது. ஒன்றும் பேச வேண்டாம், என் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

உன் பிள்ளைகள் பசி அறியாமல் வளரட்டும்.

உன் அக்கா,
போகுவா