அடையாளச் சீட்டு

தங்கச்சிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவின் பிரார்த்தனைப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு தினமும் ஒரு பக்கம் பின்னோக்கிப் போகிறது, "அம்மா திரும்பி வராங்கண்ணா" என்று இங்கே இருந்தபோது போனில் அழுதாயே.

போலீஸில் கைரேகை ஆராய்ந்தே தலை நரைத்தவன் நான். அப்பா குளிக்கப் போனபோது பொடி தூவிப் பார்த்தேன். பக்கமெல்லாம் தழும்புள்ள கட்டைவிரல். அடக்கத்தன்று "இனி இந்த வீட்டுல சாமி பேச்சே கூடாது" என்று கத்திய அப்பாவுடையது.

எல்லா ரேகையும் தலைகீழாக இருந்தது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டியிருக்கிறார். அதனால்தான் சீட்டு பின்னோக்கிப் போனது.

பக்கத்திலேயே, அம்மா போனபின் நான் அவருக்கு எழுதிய நான்கு கடிதங்கள். அவற்றிலும் ரேகை தலைகீழாகவே. பதில் போடாத கல்நெஞ்சன் என்று உன்னிடம் எத்தனை முறை திட்டினேன்! முன்பு வந்த கடிதங்களையெல்லாம் அம்மா அவருக்கு வாசித்துக் காட்டியது ஆசையில் என்றுதானே நினைத்தோம்?

"கண்ணாடி மாத்தணும் போலப்பா. நான் வாசிக்கட்டுமா?" என்றேன்.

கடிதங்களை என்னிடம் நீட்டினார். "உங்கம்மா மாதிரி மெதுவா வாசி."

முதல் கடிதத்தைப் பிரித்தேன். "அம்மா சாவுக்குக்கூட நீங்கள் அழவில்லையே" என்று தொடங்கியிருந்தேன்.

"அப்பா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?" என்று வாசித்தேன்.

என் பழைய கடிதங்களை அம்மாவும் இப்படித்தான் வாசித்திருப்பாளோ?

உன் அண்ணன்