மோட்டா எண்ணெய், பத்லா எண்ணெய்

பாய்,

போன வாரம் கண் காட்டிக்கொள்ள ஆம்பூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டல் வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. பொரித்து மிஞ்சிய கறுப்பு எண்ணெயை டின்னில் பிடித்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றி முடித்து வண்டியைக் கிளப்பியதும் புகை நேராக என் மூஞ்சியில் அடித்தது. வடை சட்டி வாசனை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நகரவில்லை.

"இது எதுல ஓடுது தம்பி?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பயோடீசல் பெரியவரே. பழைய எண்ணெயில இருந்து பண்றது. இப்பத்தான் புதுசா வந்திருக்குது."

புதுசாம். நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாய். வண்டியை அணைக்கச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எல்லாக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பாய். அந்த ஆள் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை போகவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று மூன்று வருஷமாக என்னிடம் கிடக்கிறது. அதையும் சேர்த்து இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கடைசி வரை உன்னை வா, போ என்றுதான் பேசினேன். எழுதும்போது மட்டும் மரியாதை கொடுத்தால் சிரிப்பாய்.

நாம் முதலில் சந்தித்தது, டீசல் கிடைக்காமல் ஊரே திண்டாடிய வருஷம். பள்ளிகொண்டா பங்க்கில் விடியற்காலையில் கேனை வரிசையில் வைத்துவிட்டு மத்தியானம் வெறுங்கேனோடு திரும்பி வருவோம். எங்கள் கிணறு எனக்கும் பெரியப்பா மகன் கோவிந்தனுக்கும் பொது. ஆயில் எஞ்சினும் பொது. மூன்று நாள் அவன் முறை, மூன்று நாள் என் முறை. மழையும் ஏமாற்றிவிட்டிருந்தது. நான் ரோட்டோரப் புங்க மரங்களில் கொட்டை பொறுக்கி, செக்கில் ஆட்டி, துணியில் வடிகட்டி, இருக்கிற டீசலோடு கலந்து ஊற்றிப் பார்த்தேன். எஞ்சின் இருமிக்கொண்டே ஓடியது.

அப்போதுதான் நீ வந்தாய். ஆம்பூர்த் தோல் டேனரியில் ஷிப்ட் முடிந்து, யாரையோ பார்த்துவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன், புகை வாசனை பிடித்து நடு ரோட்டில் இறங்கி, வரப்பு மேலேயே நடந்து வந்தாய். லுங்கி, தொப்பி, கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னாபா, எஞ்சினுக்குள்ள வடை சுடுறியா?"

எரிச்சலாக இருந்தது. யாரய்யா நீ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புகைக்குழாயில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து, "புங்கன். கரி ஜாஸ்தியா கட்டும். நான் கொழுப்புல ஓட்டிப் பாத்தேன், அதுவும் பேஜார்தான்" என்றாய். தோலிலிருந்து சீவி எறிகிற கொழுப்பை உருக்கி, டேனரியில் கழித்துப் போட்ட ஒரு பழைய எஞ்சினில் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தாயாம். காலையில் அது குழாய்க்குள்ளேயே உறைந்து மெழுகுவர்த்தி ஆகிவிடுகிறதாம். என்னைப் போலவே இன்னொரு பைத்தியம் எட்டு மைலுக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல. அதுவரை ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது.

மூன்றாவது பைத்தியத்தையும் நீதான் பிடித்து வந்தாய். ஜோலார்பேட்டை ரயில்வேயில் டீசல் ஃபிட்டராக இருந்த அந்தோணி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டை கசங்காமல் ரயிலேறி ஆம்பூரில் இறங்கி, உன் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவான். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எஞ்சினைக் கழற்ற உட்காருவான். நான் எண்ணெய், நீ மருந்து, அவன் ஸ்பானர். என் வீட்டுக்காரி மூன்று பேருக்கும் சேர்த்துக் கேழ்வரகுக் களி கிண்டி அனுப்புவாள். "ஆம்பளைங்களுக்கு வேற வேலையே இல்ல போல" என்பது களியோடு வரும் தொடுகறி.

காஸ்டிக் சோடாவை ஸ்பிரிட்டில் கரைத்துச் சூடான எண்ணெயில் ஊற்றினால், தடிப்பு அடியில் தங்கி, டீசல் மாதிரிச் சன்னமான எண்ணெய் மேலே நிற்கும் என்று உங்கள் டேனரி லேபில் யாரோ சொன்னார்களாம். நீ மேஸ்திரி. லேபுக்குள் உனக்கு வேலையில்லை. ஆனால் காதுக்கு யார் பூட்டுப் போட முடியும். தச்சுப்பட்டறைக்காரனிடம் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டை வாங்கி வந்து, கொழுப்பும் புங்கனும் பாதிப் பாதியாக டிரம்மில் கொட்டி, நீ மந்திரவாதி மாதிரி கிண்டினாய். மறுநாள் மூடியைத் திறந்தால் டிரம் நிறைய சோப்பு. உன் கொழுப்பிலும் ஈரம், அந்த ஸ்பிரிட்டிலும் தண்ணீர். கட்டையால் குத்தினால் கட்டை நின்றது.

அந்தோணி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நீ மட்டும் சிரிக்கவில்லை. ஒரு விள்ளலை எடுத்துத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நுரை கம்மி" என்றாய். அந்தச் சோப்பில்தான் பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் துணி வெளுத்தது. துணி பளிச்சென்று இருந்தது. துவைத்தவள் கை எரிந்தது. அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

அதன் பிறகு எண்ணெயை நன்றாகக் காய்ச்சி ஈரத்தை ஓட்டினோம். உங்கள் முதலாளியிடம் நேராகவே கேட்டு, தோலுக்கு மெருகு போடும் இடத்திலிருந்து தண்ணீர் கலக்காத ஸ்பிரிட் கொஞ்சம் வாங்கி வந்தாய். இந்தத் தடவை அடியில் கறுப்புப் பாகு தங்கியது. மேலே தேன் நிறத்தில் எண்ணெய், விரலிடுக்கில் வழுக்கி ஓடியது. அதற்கு நீ உருதுவில் வைத்த பேர் பத்லா. செக்கில் ஆட்டி வடிகட்டியதோடு சரியென்று விட்ட தடி எண்ணெய்க்கு மோட்டா. ஸ்பிரிட் கிடைக்கிற அளவுக்குத்தான் பத்லா. அதனால் அந்தோணி ஒரு வழி சொன்னான். கிளப்பும்போது பத்லா, சூடேறியதும் மோட்டா, நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பத்லாவுக்கு மாற்றிக் குழாயைக் கழுவிவிட வேண்டும். மோட்டாவிலேயே நிறுத்தினால் எண்ணெய் பீச்சுகிற நாஸிலில் கட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன அடித்தாலும் கிளம்பாது. இந்த ஒன்றை அவன் நூறு தடவை சொல்லியிருப்பான்.

கோவிந்தனுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். அவனையும் குறை சொல்ல முடியாது. எஞ்சினில் பாதி அவனுடையது. டீசல் கிடைக்கிற அன்றைக்குப் பாய்ச்சினால் போதும் என்று அவன் கேழ்வரகு போட்டிருந்தான். நான்தான் அடம்பிடித்து நெல் நட்டிருந்தேன். ஊரில் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொன்னான்: "அந்த எண்ணெயால எஞ்சின் நின்னுச்சுன்னா, இந்தப் போகம் முடியற வரைக்கும் தண்ணி முழுக்க எனக்கு. உன் முறைன்னு ஒண்ணு கிடையாது." ரோஷத்தில் சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ அன்றைக்குத் திட்டியது காதுக்குள் இருக்கிறது. "எண்ணெய் மேல பந்தயம் கட்டு, தண்ணி மேல கட்டுவாங்களாடா?"

தை மாதம். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். அந்த மூன்று நாளில் தண்ணீர் போகாவிட்டால் நெல் அத்தனையும் பதர். முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் நீ லீவு போட்டுவிட்டு வந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டாய். நான் கோடிக் கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் தளர்ந்தது. தலையைத் தூக்கினால் எஞ்சின் சத்தம் இல்லை.

சேறும் சகதியுமாக ஓடி வந்தேன். நீ எஞ்சினுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாய். குழாயைப் பார்த்தேன், மோட்டாவில்தான் இருந்தது.

"யார்றா உன்ன நிறுத்தச் சொன்னது? பத்லாவுக்கு மாத்தாம நிறுத்திட்டியே. என் குடிய கெடுக்கவா லீவு போட்டுட்டு வந்தே?" என்று கத்தினேன். இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். அதை இங்கே எழுதவில்லை.

நீ பாதையைக் காட்டினாய். கிணற்றை ஒட்டிப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை முழுக்கச் சாமந்திப் பூவும் பொரியும் இறைந்து கிடந்தன. தூரத்தில் மேளம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் கோவிந்தன் பொண்டாட்டி வழியில் ஒரு பெரியவர் தவறிப்போன சேதி காலையிலேயே எனக்குத் தெரியும். சாயங்காலம்தான் எடுப்பார்கள், அதற்குள் பாய்ச்சிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். எங்கள் பக்கம் பாடை போனால் ஏர் ஓட்டுகிறவனும் மாட்டை நிறுத்திவிட்டு நிற்பான். அதை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் பக்கத்திலும் அப்படித்தான் போல.

"முன்னமே பாத்திருந்தா பத்லாவுக்கு மாத்தியிருப்பேன். திரும்பிப் பாக்கறேன், கிட்ட வந்துட்டாங்க. எஞ்சின் தடதடன்னு அடிக்குது. எப்படிப்பா ஓட வுடறது?" என்றாய்.

அடித்துப் பார்த்தோம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றது. கிளம்பவில்லை. அந்தோணிக்குச் சொல்லியனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். என் நெல் போயிற்று என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. உன் முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கோவிந்தன் வந்தான். ஆற்று ஊற்றில் முழுகிய ஈர வேட்டி. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். எஞ்சினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் உன்னைப் பார்த்துக் கேட்டான்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தாம்பா. நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. மய்யத்து வந்துச்சு, நிறுத்திட்டேன். இப்ப கிளம்ப மாட்டேங்குது. எண்ணெயாலதான் கிளம்பல. பொய் சொல்ல மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியே இருக்க வேண்டாம். கோவிந்தன் துண்டைப் பிழிந்து உதறினான்.

"சாவுக்கு நிறுத்துனத நான் கேக்க மாட்டேன்" என்றான். கொஞ்சம் தள்ளிப் போனவன் திரும்பி, "அந்த ஜோலார்பேட்டை ஆளு எப்ப வருவாரு? சரி பண்ணட்டும். நாளன்னைக்கு என் முறையிலயும் மொதல்ல உன் நெல்லுக்கே பாய்ச்சிக்க" என்றான்.

மறுநாள் காலை அந்தோணி வந்து நாஸிலைக் கழற்றி, பத்லாவில் ஊறப்போட்டுக் கரியைச் சுரண்டினான். உன்னைத் திட்டிக்கொண்டேதான் சுரண்டினான். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது கோவிந்தன். மத்தியானம் எஞ்சின் கிளம்பியது, நெல் பிழைத்தது. அடுத்த போகத்துக்குக் கோவிந்தனும் புங்கங்கொட்டை பொறுக்க ஆரம்பித்தான். நாலாவது பைத்தியம் என்று நீ அறிவித்தாய்.

அப்புறம் டீசல் தாராளமாகக் கிடைத்தது, கழனிக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் இறங்கியது. அந்தோணி மாற்றலாகி வடக்கே போய்விட்டான். உங்கள் டேனரிக் கழிவுத் தண்ணீர் எங்கள் கிணறு வரைக்கும் வந்து ருசி மாறியபோது உன்னோடு ஒரு வருஷம் பேசாமல்கூட இருந்தேன். ரம்ஜானுக்கு நீயே பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து, "தண்ணிய நான் கெடுத்தேன்னு வெச்சிக்க, பிரியாணி இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாய். அதோடு அதுவும் முடிந்தது.

இப்போது அந்தச் சேதி. உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை பாய். காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக் கழனி வீட்டில் கிடந்தேன். காலையில் உன் மகள் போனில் சொன்னாள். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகச் சொன்னாள். கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நாற்பது வருஷத் தோஸ்துக்கு ஒரு பிடி மண் போடப் போகாத பாவி என்று என்னையே வைதுகொண்டு படுத்திருந்தேன்.

கோவிந்தன் வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கும் எண்பதாகப் போகிறது, முழங்கால் மடங்குவதில்லை. "எத்தன மணிக்கு எடுக்கறாங்களாம்?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். போய்விட்டான்.

அன்றைக்குக் கிணறு அவன் முறை. ஜன்னல் வழியாக மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் அது நின்றது. கரண்ட் போய்விட்டது என்று மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி வெளியே பார்த்தேன். மோட்டார் ரூம் வாசலில் கோவிந்தன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான், துண்டை இடுப்பில் கட்டி, ஆம்பூர்ப் பக்கம் பார்த்து. பாதையில் யாரும் போகவில்லை.