குணவதியின் சேலையில் டெய்சி

இயேசு மரி சூசை

திண்டுக்கல்
14.7.2007

அன்பு மகள் டெய்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் பேரன் இனிகோவும் மெல்பர்ன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறு போனில் நீ கேட்ட கேள்விக்கு, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள், அவள் காதுபட அதைப் பேச எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினேனா, அம்மா என்ன சொன்னாள், போனில் ஏன் உன்னிடம் யாரோ ஊரார் வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசுகிறாள் என்று கேட்டாய். காட்டினேன் டெய்சி. அம்மாவுக்கு அது நீ என்று தெரியவில்லை. நோய் ஒரு காரணம், நான் செய்த ஒரு வேலையும் அதோடு சேர்ந்துகொண்டது. டிசம்பரில் நீ வந்து வாசலில் நிற்கும்போது அம்மா உன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும், இப்போதைக்கு என் கவலையெல்லாம் அது ஒன்றுதான். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு மறதி வந்ததும், மதுரை டாக்டர் பழையது நிற்கும் புதியது ஒட்டாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள், நான் வந்து உட்கார்ந்ததை மறப்பாள். ஆனால் மத்தியானம் வரும் அந்தத் தொடரில் குணவதி என்று ஒரு மருமகள் வருவாளே, அவள் கதையை மட்டும் மறக்க மாட்டாள். ஏன் அது மட்டும் ஒட்டியது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. குணவதி அழுதால் இவளும் அழுவாள், குணவதிக்குச் சோறு போடவில்லை என்றால் மாமியார்க்காரியை டிவியைப் பார்த்தே திட்டுவாள். சமையலுக்கு ஒத்தாசையாக வரும் மாயக்காள், "வாத்தியார் வீட்டம்மா, அந்தக் கெழவி காதுல விழுந்துச்சுன்னா நேரா நம்ம வீட்டுக்குச் சண்டைக்கு வந்துரும்" என்று கேலி பண்ணுவாள். போன வருடம் ஒரு நாள் குணவதியை ஆற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அந்த நடிகைக்கு வேறு தொடர் கிடைத்திருக்கும், அதை அம்மாவிடம் சொல்லி விளங்கவைக்க முடியுமா. வீட்டில் ஒரு சாவு விழுந்தது போல அம்மா படுத்துவிட்டாள், வெஞ்சனம் வேண்டாம், சோறு வேண்டாம், கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கதைதான், நிஜமில்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும், "செத்தவளைக் கதைன்னு சொல்றீங்களே, மனுசனா நீங்க" என்று என்னைத்தான் பேசினாள்.

அப்போதுதான் உன் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. டிடிபி கோர்ஸ் படிக்கிற காலத்தில் நீ படம் வெட்டி ஒட்டிப் பழகிய அந்த சாப்ட்வேர் அதில் அப்படியே இருக்கிறது. நீ பழகும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன் அல்லவா, அந்தத் துணிச்சல்தான். வாரப் பத்திரிகை அட்டையில் சிரித்த முகமாக நின்ற குணவதியின் முழு உருவப் படத்தை மேற்கு ரத வீதி ஸ்டுடியோ ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி பிளாப்பியில் வாங்கி வந்தேன். ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது இந்தியப் படத்தை அட்டையில் ஊசியால் குத்தி, மேலே சாக்பீஸ் தூள் தட்டிக் கரும்பலகையில் எடுப்பேனே, அதே வேலைதான். உருவத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். குமரிமுனைப் பக்கம் கை தவறினால் கடலும் சேர்ந்து இந்தியாவாகிவிடும், காதோரம் கை தவறினால் பின்னால் இருக்கிற சுவரும் சேர்ந்து குணவதியாகிவிடும். புது சாப்ட்வேரில் எத்தனையோ தவறு வரை பின்னால் போய்த் திருத்தலாமாம், நம்முடைய பழசு ஒரே ஒரு தவறைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளும், அடுத்த தவறைச் செய்துவிட்டால் முந்தையது அப்படியே நின்றுவிடும். மவுசை நகர்த்துமுன் பரீட்சை ஹாலில் பிள்ளைகள் யோசிப்பது போல யோசிப்பேன். நடுவில் கரண்டு போனால் எல்லாம் போச்சு, மறுபடி காதிலிருந்து ஆரம்பம். அப்படிச் செய்து, நீ பழகுவதற்கு வைத்திருந்த கொடைரோடு ஸ்டேஷன் படத்தில், மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் குணவதியை நிறுத்தினேன். கால் தரையில் படாமல் கொஞ்சம் மிதந்தாள், அதை மறைக்க ஒரு பலாப்பழத்தை வெட்டி ஒட்டினேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்தனிஸ்லாஸ், "என்ன சார், ரிட்டயர் ஆனப்புறம் ரசிகர் மன்றம் ஆரம்பிச்சுட்டீங்களா, எனக்குச் செயலாளர் போஸ்ட்டாவது குடுங்க" என்றான். வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆத்துல போனவ கரையேறி ரயிலைப் பிடிச்சு வந்துட்டா பாருங்க" என்று எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அம்மா, "ஒத்தையாவா நிக்கிறா, துணைக்கு ஒருத்தருமில்லையா, வயசுப் புள்ள" என்று கேட்டாள். துணைக்கு யாரை நிறுத்துவது. அந்த கம்ப்யூட்டரில் ஆள் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, பிளஸ் டூ கடைசி நாளில் எடுத்தது, நீலத் தாவணியும் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் ரிப்பனுமாக நீ நிற்பது. அதை வெட்டி குணவதி பக்கத்தில் வைத்தேன். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும், "நம்ம டெய்சி இருக்கா, இனிமே அவளுக்குப் பயமில்ல" என்று மாயக்காளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் தெம்பு வந்துவிட்டது. செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நீயும் குணவதியும், மலைக்கோட்டைப் படியில் நீயும் குணவதியும், கன்னிவாடித் தக்காளித் தோட்டத்தில் நீயும் குணவதியும், சுவர் முழுக்க ஒட்டினேன். மாயக்காள்கூட, "ஐயா, என்னையும் அந்தப் புள்ள பக்கத்துல செத்த நேரம் நிப்பாட்டுங்க, எங்க வீட்டுக்காரரு அப்பவாச்சும் மதிப்பாரு" என்று கேட்டு ஒரு படம் வாங்கிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பில் ஒன்றை யோசிக்கத் தவறிவிட்டேன். எல்லாப் படத்திலும் நான் வைத்தது அதே பதினேழு வயது முகம். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் மனதில் நிற்கும், முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும். டாக்டர் ஒட்டாது என்று சொன்ன அம்மா மனதில் அந்த முகத்தை ஒட்டவைத்துவிட்டேன். உன் கல்யாணம், நீ விமானம் ஏறியது, இனிகோ பிறந்தது எல்லாம் அதன் அடியில் போய்விட்டது.

நீ அனுப்பிய போட்டோ வந்தபோது அம்மா ஆசையாகத்தான் வாங்கினாள். தோள்வரை வெட்டிய முடியும், கண்ணாடியும், கோட்டுமாக நீ, இடுப்பில் பையன். பார்த்துவிட்டு, "நல்ல களையான பொண்ணு, யாரு இது, குணவதிக்குச் சொந்தமா" என்று கேட்டாள். நம்ம டெய்சி என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டெய்சி இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரலைங்க" என்றாள். அன்றிலிருந்து நான்கு மணியானால் வாசல் கேட்டுக்குப் போய் நிற்கிறாள். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்த பிறகுதான் உள்ளே வருவாள். வந்ததும் நின்றதை மறந்துவிடுவாள், அது ஒரு நிம்மதி. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் மறதி இல்லை.

பதறிப்போய் இன்னொரு அவசரமும் பண்ணினேன். மலைக்கோட்டைப் படத்தில் பழைய முகத்தை எடுத்துவிட்டு உன் இப்போதைய முகத்தை ஒரே அடியாக வைத்து, சுவரில் மாற்றி ஒட்டினேன். அம்மா பார்த்ததும் பயந்துவிட்டாள். "என் புள்ளையை என்னங்க செஞ்சீங்க, குணவதியைத் தள்ளுன மாதிரி தள்ளிட்டீங்களா" என்று கேட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அம்மா என்னைப் பார்த்துப் பயந்தது அதுதான் முதல் தடவை. பழைய படத்தையே திரும்ப ஒட்டித்தான் அவளைச் சோறு தின்னவைக்க முடிந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் வகுத்தல் கணக்கா போடுகிறோம், முதலில் விரல் விட்டு எண்ணுவது, அப்புறம் கூட்டல், அப்புறம் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்வது. அம்மாவுக்கும் அப்படித்தான், உன்னை ஒவ்வொரு படியாக வளர்க்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மாற்றம், அது பழகிய பிறகு அடுத்தது. முதலில் ரிப்பனை மட்டும் அழித்தேன். "ரிப்பனைத் தொலைச்சுட்டு வந்துட்டா, கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டா" என்று சலித்துக்கொண்டாள், ஆனால் ஏற்றுக்கொண்டாள். அடுத்து தாவணியை எடுத்துவிட்டுச் சேலை. சேலைக்கு நான் எங்கே போவேன், என்னிடம் இருக்கிற துணிமணி எல்லாம் குணவதியுடையதுதான். அவளுடைய மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலையை வெட்டி உனக்கு உடுத்தினேன். அம்மா பார்த்து, "குணவதி தன் சேலையை இவளுக்குக் குடுத்துருக்கா பாருங்க, என்ன மனசு" என்று கண் கலங்கினாள். பிறகு கண்ணாடி. நீ அனுப்பிய போட்டோவில் முகம் பையன் பக்கம் திரும்பியிருந்ததால் அந்தக் கண்ணாடி இதில் பொருந்தவில்லை, நேராகப் பார்க்கிற கண்ணாடி முகம் என்னுடைய பென்ஷன் போட்டோ ஒன்றுதான் இருந்தது, அதிலிருந்து எடுத்து மாட்டினேன், உனக்கு அளவு பெரியது. "அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிறா, கழுதை" என்று அம்மா சிரித்தாளே, அப்படி அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இப்போது கண்ணாடி வரை வந்திருக்கிறோம். இரட்டைச் சடையை ஒற்றைச் சடையாக்கும் வேலை ஓடுகிறது, தலைமுடிதான் டெய்சி ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது கல்யாணம், அதற்கு ஆல்பம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு போட்டோவைத் தவிர நீ அனுப்பியதெல்லாம் இனிகோவின் படங்கள், எடுத்தது நீயாக இருக்கும், அதனால் ஒன்றிலும் நீ இல்லை, ஒரு படத்தின் ஓரத்தில் உன் கை மட்டும் இருக்கிறது. புது வீட்டுக்குப் போனபோது, வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, முடியை வெட்டிக்கொண்ட புதிதில் எடுத்த படங்கள் இருந்தால் தபாலில் அனுப்பு. ஈமெயில் வேண்டாம், நம் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பேப்பரில் வந்தால் ஸ்தனிஸ்லாஸ் ஏற்றித் தருவான். அம்மாவுக்கு என்றுதான் கேட்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடியை உன் முகத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது, கண்ணாடி போட்டவளாக உன்னை நானும் நேரில் பார்த்ததில்லை. அந்த வருடங்களை நானும் படிக்காமல் விட்டிருக்கிறேன், அம்மாவோடு சேர்ந்து நானும் ஒவ்வொரு படியாகத்தான் வர வேண்டும்.

டிசம்பருக்குள் பாடத்தை முடித்துவிடப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியவில்லை. சில நாள் அம்மா பழைய இடத்துக்கே போய்விடுகிறாள், ரிப்பன் எங்கே என்று முதலிலிருந்து கேட்கிறாள். அதனால் நீயும் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நடந்து வர வேண்டும். முடியை இப்போதிருந்தே வளரவிடு, சின்னதாக ஒரு சடை போட முடிந்தால் போதும். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரைச் சேலை எடுத்து வைக்கிறேன், மாப்பிள்ளையையும் பையனையும் செத்த நேரம் ஸ்டுடியோவில் உட்காரவைத்துவிட்டு, அதை உடுத்திக்கொண்டு முதலில் நீ மட்டும் வா. காலையில் வந்து இறங்கினாலும் காலையில் வராதே. நான்கு மணிக்கு, பிள்ளைகள் வருகிற திசையிலிருந்து நடந்து வா. அம்மா கேட்டில் நிற்பாள். கட்டிப்பிடித்து அழுதுவிடாதே, பயந்துபோவாள். உன்னைப் பார்த்ததும், எனக்குத் தெரிந்தவரை, அம்மா ஒன்றுதான் கேட்பாள், "ஏன்டி இம்புட்டு நேரம்?" அதற்கு உண்மையான பதில் உன்னிடமும் இருக்கிறது என்னிடமும் இருக்கிறது, அது எதுவும் அப்போது வேண்டாம். "பஸ்ஸு லேட்டும்மா" என்று மட்டும் சொல்.

போட்டோக்களை மறக்காமல் அனுப்பு. தேவமாதா உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும்.

மணி நாலாகப்போகிறது, கேட்டுக்குப் போக அம்மா செருப்பைத் தேடுகிறாள், இத்துடன் முடிக்கிறேன்.

உன் அன்பு அப்பா
சூ. ராயப்பராஜ்