பூட்டைக் கழற்றிய கேள்விப் பெட்டி

திங்கள், 11

மழை. யூனிஃபார்ம் காயவில்லை. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா இதைத் திறக்கவே மாட்டாள்.

 நடந்ததை வரிசையாக எழுதினால் மனசு நிதானமாகலாம்.

என் கேள்விப் பெட்டி. ஸ்கூலில், லேபோ லைப்ரரியோ, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பெயர் போடாமல் தட்டலாம். கவுன்சலிங் பார்க்கும் ஆக்னஸ் சிஸ்டரின் திரையில் அந்த நொடியே தெரியும். அவர் பதிலும் உடனே வரும். புரோகிராம் முழுக்க நான் எழுதியது. போன வாரம் அசெம்பிளியில் கைதட்டல்.

இன்று ஸ்கூலில் எங்கேயும் நெட் இல்லை. பிளஸ் டூ ரித்திகா லேபில் உட்கார்ந்து தன் லேப்டாப் வழியாக எல்லாருக்கும் நெட் கொடுத்தாள். கம்ப்யூட்டர் கிளப்புக்குக் காட்ட, லேப்டாப்பைக் கடந்து போவதையெல்லாம் வரிவரியாகப் போடும் ஒரு புரோகிராமையும் ஓட்டினாள். எல்லாம் கிறுக்கல். நடுவில் சுத்தத் தமிழில், சிஸ்டர் யாருக்கோ எழுதிய பதில்: “அழாதே. சனிக்கிழமை நானே முசிறிக்கு வந்து உன் அப்பாவிடம் பேசுகிறேன். கல்யாணத்தை நிறுத்தலாம்.”

“ஏய், இங்க பாருங்கடி, யாருக்கோ கல்யாணமாம்!”

“பத்திரிகை வெச்சாங்களா?”

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

முசிறியிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பது ஒருத்திதான். என் பெஞ்ச். செ. முழுப் பெயரை இங்கேகூட எழுதமாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். ரித்திகாவுக்கு அவளைத் தெரியாது. ஆனால் பேச்சு ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போனால்? அவள் அப்பா சனிக்கிழமைக்கு முன்பே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். என்னால்.

பெட்டியை மூடிவிட்டேன். “பழுது பார்க்கிறோம்” என்று ஒரு வரி மட்டும்.

செவ்வாய், 12

புழுக்கம். பஸ்ஸில் காவிரிப் பாலம் வரை நின்றேன்.

தப்பு தெரிந்துவிட்டது. என் பக்கம் முதலில் https, பூட்டுப் படத்தோடு. ஆனால் அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போகும் நேரடி இணைப்பை ws:// என்று எழுதியிருந்தேன். அதற்குப் பூட்டு இல்லை. பூட்டிய பக்கத்திலிருந்து பூட்டாத இணைப்பா என்று பிரவுசர் மறுத்தது. மறுநாள் அசெம்பிளி. அவசரத்தில் பக்கத்தையே பூட்டில்லாத http ஆக்கினேன். உடனே ஓடியது. சந்தோஷப்பட்டேன். பூட்டு இருந்தால்தானே திட்டுகிறது என்று பூட்டையே கழற்றியிருக்கிறேன்.

சிஸ்டரிடம் சொல்ல அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது, வந்துவிட்டேன்.

பொய். யாரும் இல்லை.

புதன், 13

சொல்லிவிட்டேன். முதல் பீரியடுக்கு முன்பே.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் இத்தனை நாளா போஸ்ட் கார்டுல பதில் எழுதிட்டு இருந்தேனா?”

“ஆமா சிஸ்டர்.”

“எத்தனை பேர் படிச்சாங்க?”

“ஏழு பேர். அந்த ஒரு வரி மட்டும்.”

ரித்திகாவைக் கூப்பிட்டார். அவள் முகம் வெளுத்துவிட்டது. “விளையாட்டுக்குச் சிரிச்சோம் சிஸ்டர். யார்னு தெரியாது. வெளியில சொல்லல, சத்தியமா.” சேமித்த ஃபைலை எங்கள் முன்னாலேயே அழித்தாள். மற்ற ஐந்து பேரையும் சிஸ்டரே பார்த்துப் பேசினார்.

பிறகு என்னிடம்: “அந்தப் பொண்ணுகிட்ட நீயேதான் சொல்லணும்.”

மதியம் சொன்னேன். செ. டிபன் பாக்ஸை மூடினாள். “எல்லாரும் சிரிச்சாங்களா?” “ம்.” “நீயும் சிரிச்சியா?”

ம்.

பையை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வெள்ளி, 15

லீவு. கொடியேற்றம் முடிந்ததும் லேபைத் திறந்து கொடுத்தார்கள். ரித்திகாவும் உட்கார்ந்தாள். செய்தவை:
– பக்கம் மறுபடி https.
– ws எடுத்து, பூட்டுள்ள wss. இணையவில்லை!
– காரணம்: பூட்டுக்கான சான்றிதழ் தளத்தின் பெயருக்கு வாங்கியது, நான் இணைப்பில் எண் முகவரி கொடுத்திருந்தேன். பெயரைப் போட்டதும் இணைந்தது.
– ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அறுந்தது. இப்போது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வர் “இருக்கியா” என்கிறது, பக்கம் “இருக்கேன்” என்கிறது.
– பழைய http முகவரியில் யார் வந்தாலும் https-க்கே போகும்.

ரித்திகா பழையபடி தன் லேப்டாப் வழியாக நெட் கொடுத்து, அதே புரோகிராமை ஓட்டினாள். நான் பெட்டியில் “ரித்திகா ஒரு குரங்கு” என்று தட்டினேன். ஐந்து தடவை.

“ஒரு எழுத்துகூடப் புரியலடி. என்னடி அனுப்பின?”

சொல்லவில்லை. நான்கு நாளில் முதல் தடவை பசித்தது. கேன்டீன் பூட்டியிருந்தது. கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாய் மட்டும்.

சனி, 16

சிஸ்டர் காலையிலேயே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறியிருப்பார். செ. கூடப் போயிருக்கிறாள். இரவு வரை ஒன்றும் தெரியவில்லை. கோலத்தில் புள்ளி தப்பியது, அம்மா கேட்டாள், தலைவலி என்றேன். அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்போது மாத்திரை வாங்கி வந்தார். போட்டுக்கொண்டேன், பாவம்.

திங்கள், 18

வெயில். யூனிஃபார்ம் மொடமொட.

முதல் மணி அடித்தும் செ. வரவில்லை. அட்டெண்டன்ஸில் அவள் பெயர் நெருங்க நெருங்க வாசலையே பார்த்தேன். “எக்ஸ்க்யூஸ் மீ மிஸ்.” அவள்தான். கையில் மஞ்சப் பை நிறைய வாழைப்பழம்.

மிஸ், “என்னம்மா இது, சந்தையா?” வகுப்பே சிரித்தது. அவளும்.

மூன்றாவது பெஞ்சைத் தாண்டி வந்தாள். இரண்டு பழம் பிய்த்து என் டெஸ்கில் வைத்தாள். “அப்பா குடுத்து விட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாரு. படிச்சு முடிக்கட்டுமாம்.”

இரண்டு பழத்தையும் பைக்குள் வைத்தேன்.

“நகருடி” என்றாள்.

நகர்ந்தேன்.