பதினேழாவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? அண்ணனுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன், வை" என்று வைத்துவிடுகிறார். அதனால் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்துடன் ஒரு கட்டு வருகிறது. மூன்று வருடமாக நான் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும் கேள்வித்தாள் இதுதான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் ரத்தத்தை அளக்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டு அளக்க ஒழுங்கான கேள்விகள் இல்லை. புது மருந்து ஒன்று வந்தால், அதனால் சுகம் கிடைத்ததா என்பதை டாக்டரோ நர்ஸோ வீட்டுக்காரர்களோ சொல்லக் கூடாது, நோயாளியே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த இருபத்திரண்டு கேள்விகள்.

உங்கள் சென்டரில் டாக்டரும் தலைமை நர்ஸும் சம்மதித்துவிட்டார்கள். வரவேற்பு மேசையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றதும், தாளைக் கொடுத்து வாங்கும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு ஆறு பேர் போதும். ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். நீங்களாக விளக்கம் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு வாய் சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அண்ணனும் அங்கேதானே மெஷினில் படுக்கிறார், அந்த ஆறு பேரில் ஒருவராக இருக்கட்டும். தங்கச்சி இத்தனை நாள் என்ன செய்கிறாள் என்று அவருக்கும் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் வாலு

---

ஜனவரி 24

அன்புள்ள வாலுக்கு,

ஆராய்ச்சி செய்கிறவளை இன்னும் இப்படியா கூப்பிடுவது என்று உன் அண்ணனைக் கேட்டேன். "அவ எவ்வளவு படிச்சாலும் வாலுதான்" என்கிறார். அவர் வைத்த பேர், அவரே மாற்றட்டும்.

ஆறு பேரிடமும் கேட்டுவிட்டேன். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். சிலது மட்டும் இங்கே சொல்கிறேன். 'சோர்வாக இருந்ததா' என்ற கேள்விக்கு பஸ் டிரைவர், "எந்த நேரத்துச் சோர்வும்மா? மெஷின்லேருந்து இறங்கின அன்னிக்கா, மறுநாளா?" என்று கேட்டார். நீதான் விளக்கக் கூடாது என்றாயே, அவர் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டேன். 'மாடிப்படி ஏறுவது சிரமமாக இருந்ததா' என்பதற்கு ஜன்னலோரம் படுக்கும் தையல்கார அம்மா, 'ஒருபோதும் இல்லை' என்று போட்டாள். அவளால் வாசல் வரை நடக்க முடியாது. கேட்டால், "எங்க வீட்ல ஏது மாடி?" என்கிறாள்.

அதே கேள்விக்கு உன் அண்ணன் சொன்னதைக் கேள். "இருபத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து, ஜனங்க படி ஏறாம பாத்துக்கிட்டவன் நான். என்னையே படி ஏறினீங்களான்னு கேக்கறா பாரு." நர்ஸுகள் எல்லாம் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

பதினேழாவது கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'இந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டால் நிம்மதி என்று தோன்றியது.' இது கேட்கிற கேள்வியா? அந்த இடம் வந்ததும் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சேச்சே' என்றார்கள். உன் அண்ணன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். "புரியுதா?" என்றேன். "புரியுது" என்றார். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

---

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் குறிப்புகளை எங்கள் துறைத் தலைவரிடம் காட்டினேன். "இவங்க உங்க அண்ணியா? நம்ம ஆளுங்களவிட நல்லா எழுதியிருக்காங்களே" என்றார். மாடிப்படிக் கேள்வியை, 'வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பது' என்று மாற்றிவிட்டோம். தையல்கார அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இப்போது நிஜமான சுற்று. முப்பது கவர்கள் அனுப்பியிருக்கிறேன், எண் முப்பத்தொன்றிலிருந்து அறுபது வரை. யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் தலைமை நர்ஸின் அலமாரியில் பூட்டி இருக்கும். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. எழுதி முடித்ததும் அவர்களே கவரை ஒட்டித் தர வேண்டும். நீங்கள் எதையும் பிரித்துப் பார்க்கக் கூடாது, அண்ணனுடையதைக்கூட. அப்படி இருந்தால்தான் ஜனங்கள் உண்மையை எழுதுவார்கள்.

நீங்கள் திட்டிய பதினேழாவது கேள்வி நான் எழுதியது. அதற்கு ஆயுள் முடிந்துவிடும் போலிருக்கிறது. ஏற்கெனவே முடித்த முதல் சென்டரில் முப்பது பேரும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டுவிட்டார்கள். "எல்லாரும் ஒரே பதில் சொல்ற கேள்வி எதையும் அளக்கலைன்னு அர்த்தம். தூக்கிடு" என்கிறார் தலைவர். எனக்கு மனம் கேட்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் சென்டர் முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு காலிக் கட்டம் சேர்த்திருக்கிறோம். 'நாங்கள் கேட்க மறந்தது ஏதாவது இருந்தால் எழுதவும்.' எழுத மாட்டார்கள். இருந்தாலும் இருக்கட்டும்.

உங்கள் வாலு

---

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

முப்பது கவரும் இதில் இருக்கின்றன. ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, போதுமா?

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "அவ கேள்வியத் தூக்கிடுவாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மற்றவர்கள் கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மெஷினில் படுத்தபடி, ஊசி குத்தாத கையால் ஒன்றரை மணி நேரம் எழுதினார். கோந்து கேட்டு வாங்கி அவரே ஒட்டினார். "அப்படி என்ன எழுதினீங்க?" என்றேன். "பரீட்சைப் பேப்பர எட்டிப் பாக்கறவ மாதிரி நிக்கற. போய் உன் வேலையப் பாரு" என்றார்.

சாப்பாடு குறைந்துவிட்டது. கேட்டால் பசியில்லை என்கிறார். அவருடைய ஸ்பேனர் செட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். இனிமேல் எதற்கு என்கிறார். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அண்ணி

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல செய்தி. பதினேழு பிழைத்துவிட்டது.

உங்கள் சென்டரில் நாற்பத்தொன்றாம் எண் 'எப்போதும்' என்று போட்டிருக்கிறார். அந்தப் பதிலைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. இன்னும் இரண்டு பேர் 'சில சமயம்' போட்டிருக்கிறார்கள். ஒருவர் 'எப்போதும்' வரை போயிருப்பதால் இந்தக் கேள்வி அளக்கிறது என்று காட்ட முடியும். தலைவரே ஒப்புக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் அலுவலகத்தில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வேலை, அதே முப்பது பேரிடம் அதே தாளை இன்னொரு முறை கொடுத்து வாங்குவது. உடல்நிலை மாறாதவர்களுக்குப் பதிலும் மாறாமல் இருந்தால் கேள்வித்தாளை நம்பலாம். முக்கியமாக அந்த நாற்பத்தொன்று மறுபடியும் அதையே போட வேண்டும். போடுவாரா என்று பதைப்பாக இருக்கிறது.

அண்ணனிடம் பேச வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இந்த அறிக்கை முடியட்டும், ஒரு வாரம் வந்து தங்கிவிடுகிறேன்.

உங்கள் வாலு

---

மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

இரண்டாம் சுற்றும் முடிந்தது. கட்டு இதோடு வருகிறது.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்த நாற்பத்தொன்று யாராக இருக்கும் என்று சென்டரில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். தையல்கார அம்மாவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மகன் வந்து பார்ப்பதில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருகிறேன். தலைமை நர்ஸிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறதாமே.

இன்னொன்று. மெஷினில் படுத்ததும், "வாலு போன் பண்ணாளா?" என்று உன் அண்ணன் கேட்கிறார். இந்த மாதம் முழுக்க இதே கேள்விதான். "நீங்களே பண்ணுங்களேன்" என்றால், "அவளுக்கு வேலை இருக்கும்" என்கிறார். ஒரு தடவை பேசிவிடு.

சனிக்கிழமை மெஷின் முடிந்ததும் அவருடைய பழைய கூட்டாளி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறார். அவரோடு சேர்ந்து லிஃப்ட் வேலை பார்த்தவர். அந்த ஊரிலும் டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் அங்கே செய்துகொள்ளத் தலைமை நர்ஸ் கடிதம் கொடுத்திருக்கிறார். நானும் வருகிறேன் என்றேன். "ஒரு வாரமாவது என்னைப் பாக்காம நீ நிம்மதியா இரு" என்றார். முகம் தெளிவாக இருக்கிறது. போய்விட்டு வரட்டும்.

அண்ணி

---

மே 6

வாலு,

காரியமெல்லாம் முடிந்து நீ போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

அவருடைய கூட்டாளி நேற்று வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "டாக்டர் ஒரு வாரம் லீவு குடுத்திருக்கார்னு சொன்னான்மா. நானும் நம்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலைல மூச்சு வாங்குதுன்னு சொன்னப்பதான் பயந்துபோய் வண்டிக்குச் சொன்னேன்" என்று அழுதார். தலைமை நர்ஸ் கொடுத்த கடிதத்தை என்னிடம் கொடுத்தார். மடிப்புகூடக் கலையவில்லை. உன் அண்ணன் எந்தச் சென்டருக்கும் போகவே இல்லை.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. இன்று தலைமை நர்ஸ் பட்டியலை எடுத்து அவர் பேரை அடித்தார். நான் எதிரில்தான் இருந்தேன். மறைக்க மறந்துவிட்டார். பேருக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்தது.

நீ காப்பி வாங்கிக் கொடுத்தது உன் அண்ணனுக்காக. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், என் வீட்டு முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கவரை என் கையால் வாங்கி, என் கையால் தபாலில் போட்டேன்.

உன்னை நான் திட்டப்போவதில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உன் கேள்வியைத் தூக்கிவிடுவார்கள் என்று நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அதைக் காப்பாற்ற உனக்காக அப்படிப் போட்டாரா, இல்லை உண்மையாகவே போட்டாரா? அந்தத் தாளில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா? விதி, ரகசியம் என்று என்னிடம் சொல்லாதே. நான் அவர் மனைவி.

அண்ணி

---

மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனின் தாளை எங்கள் அலுவலக அலமாரியிலிருந்து எடுத்தேன். அதற்கு எனக்கு அனுமதி கிடையாது, எடுத்தேன். இரண்டு நாளாக என் மேசையில் இருக்கிறது.

எனக்காகப் போட்டார் என்று உங்களுக்கு எழுத ஆசையாக இருந்தது. அப்படி ஒரு கடிதம் எழுதியும் பார்த்தேன், கிழித்துவிட்டேன். அவர் எனக்காகப் போடவில்லை. கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

'இதைப் படிப்பவர் என்னோடு பேச நினைத்தால், செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு முதல் பதினொன்று வரை மெஷினில் இருப்பேன். அந்த நேரத்தில் என் மனைவி மேசையில் இருப்பாள். அவளுக்குக் கேட்காது.'

அந்தக் கையெழுத்தைப் பார்த்திருந்தால் எனக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். அவருக்கும் அது தெரியும். அவர்தானே சிலேட்டில் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கினார். ஆனால் தாள்களை நான் பார்ப்பதில்லை. தட்டச்சு செய்கிற பெண் எண்களை ஓர் இடத்திலும் எழுத்துகளை ஓர் இடத்திலும் ஏற்றித் தருவாள். எழுத்துகள் மட்டும் உள்ள பட்டியலில் அந்த வாக்கியங்களை நான் வேகமாக ஓட்டிப் படித்தேன், 'மேசையில் இருப்பாள்' என்பதுகூட மனதில் தைக்கவில்லை. 'ஃபேன் சத்தம் அதிகம்', 'டிவியை மாற்றவும்' என்பவற்றோடு சேர்த்து, 'ஆய்வுக்குத் தொடர்பில்லாதவை' என்ற தலைப்பின் கீழ் நான்தான் போட்டேன். எந்த எண்ணுக்கு உரியது என்றுகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

யாராவது 'எப்போதும்' என்று போட்டால் அன்றே சென்டருக்குச் சொல்ல வேண்டாமா என்று ஆரம்பத்தில் தலைவரிடம் கேட்டேன். "இது இன்னும் சோதனைல இருக்கற கேள்வித்தாள். இத வெச்சு யாருக்கும் வைத்தியம் பாக்க முடியாது" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். சண்டை போடவில்லை. போன் வரும் என்று அண்ணன் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறார். பதினேழைப் பற்றிக் கேட்க வேண்டாம், சும்மா பேசியிருந்தால் போதும்.

இரண்டாம் சுற்றிலும் பதினேழுக்கு அதே பதில்தான். கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

விடுப்பு கேட்டிருக்கிறேன். உங்களோடு வந்து இருக்கட்டுமா, அண்ணி? தனியாக இருக்காதீர்கள்.

உங்கள் வாலு

---

ஜூன் 3

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதினாய். அதற்கு மேல் எனக்கு உன்மேல் எதுவும் இல்லை, கோபமும் இல்லை.

மேசையிலிருந்து அவர் படுக்கை பன்னிரண்டு எட்டு. நேற்று நடந்து பார்த்தேன். முப்பது வருடம் கூட இருந்தவளுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் நினைத்ததை நான் இனிமேல்தான் செரிக்க வேண்டும். அதற்கு நீ பக்கத்தில் இருந்தால் ஆகாது. உன் முகம் அவர் ஜாடை. இப்போதைக்கு வர வேண்டாம். எப்போது வரலாம் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

புதியவர்களுக்கான அடுத்த சுற்றில் தாள் கொடுத்து வாங்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று தலைமை நர்ஸிடம் சொல்லப் போனேன். அதற்குள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து தாள் கேட்டார். கொடுத்தேன். வெகு நேரம் எழுதினார். கோந்து கேட்டார். அதனால் விடவில்லை.

இந்தக் கட்டில் ஒன்பது கவர்கள் இருக்கின்றன. முப்பது சேரட்டும் என்று காத்திருக்காமல் அனுப்புகிறேன். நான் எதையும் பிரிக்கவில்லை. வந்த அன்றே நீ பிரித்து, உன் கண்ணால் கையெழுத்தைப் படி. ஏதாவது இருந்தால் உன் தலைவரைக் கேட்காமல், எண்ணைச் சொல்லித் தலைமை நர்ஸுக்குப் போன் செய். காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணி